பேச விடுவதற்கு முன் பேரைப் பார்ப்பது ஏன்?

மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை மாணவர், விளாங்குடி

முன்னுரை

வகுப்பில் நாம் ஆன்டெனா படிக்கிறோம், மாடுலேஷன் படிக்கிறோம். ஒரு செல்போன் கோபுரம் அடுத்த கோபுரத்திடம் அழைப்பை எப்படிக் கைமாற்றுகிறது என்று படம் போட்டு மார்க் வாங்குகிறோம். ஆனால் புதிதாக வரும் ஒருவருக்கு இணைப்பைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று கம்பெனி எப்படி முடிவு செய்கிறது என்பது நம் சிலபஸில் எங்கேயும் இல்லை. அதைப் பற்றி எழுதுவதற்கு எனக்கு ஒரு காரணம் இருக்கிறது.

இந்த வருடம் எனக்குப் பதினெட்டு வயது முடிந்தது. வீட்டில் அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேருக்கும் தனித்தனியாக ரீசார்ஜ் செய்வதைவிட, மூன்று நம்பரையும் ஒரே பில்லில் சேர்க்கும் போஸ்ட்பெய்டு குடும்பத் திட்டம் வாங்கினால் மாதம் கொஞ்சம் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டேன். அப்பாவைக் கூட்டிக்கொண்டு டவுனில் ஒரு போன் கம்பெனி கடைக்குப் போனேன். கம்ப்யூட்டரில் என் பான் நம்பரைத் தட்டிப் பார்த்த அக்கா, "தம்பி, உங்களுக்கு ஹிஸ்டரியே இல்லை. டெபாசிட் கட்டணும்" என்றார். சரி, அப்பா பேரில் கொடுங்கள் என்றேன். அப்பா நம்பரைத் தட்டிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்க அப்பா பேர்ல பழைய பாக்கி ஒண்ணு காட்டுதுப்பா. தர முடியாது" என்றார்.

அப்பா கொத்தனார். கடைக்குள் ஒன்றும் பேசவில்லை. பஸ் ஏறி ஆரப்பாளையம் தாண்டியதும்தான், "யாருக்கும் ஒத்தப் பைசா பாக்கி வெச்சதில்லையேடா" என்றார். என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அண்ணாச்சி கடை நோட்டு

முதலில் நமக்குத் தெரிந்த இடத்தில் தொடங்குவோம். எங்கள் தெரு மளிகைக் கடையில் அண்ணாச்சி ஒரு பற்று நோட்டு வைத்திருக்கிறார். வாரக் கூலிக்காரர்கள் வாரம் முழுக்கச் சாமான் வாங்கிவிட்டுச் சனிக்கிழமை கணக்கு முடிப்பார்கள். ஆனால் தெருவுக்குப் புதிதாகக் குடி வந்தவர் போய், "எழுதிக்கங்க அண்ணாச்சி" என்று சொன்னால் உடனே எழுத மாட்டார். "எந்த வீட்டுக்குக் குடி வந்திருக்கீங்க? எங்க வேலை? முன்னாடி எங்க இருந்தீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். கொஞ்ச நாள் ரொக்கம். அப்புறம் சின்னப் பற்று. ஒழுங்காகக் கட்டினால்தான் பெரிய பற்று.

இதில் அவமானப்படுத்தும் எண்ணம் எதுவும் இல்லை. அவர் கொடுக்கிற அரிசியும் எண்ணெயும் அவர் காசு போட்டு வாங்கியது. போன் கம்பெனி செய்வதும் இதே வேலைதான். ஒரே வித்தியாசம், அண்ணாச்சி நம் முகத்தைப் பார்த்துக் கேட்கிறார். கம்பெனி ஒரு கம்ப்யூட்டரிடம் கேட்கிறது.

போஸ்ட்பெய்டு என்பது கடன்

ப்ரீபெய்டில் நாம் முதலில் காசு கட்டுகிறோம், பிறகு பேசுகிறோம். கம்பெனிக்கு நம்மை நம்ப வேண்டிய அவசியமே இல்லை. போஸ்ட்பெய்டில் முதலில் பேச்சு, பிறகு காசு. அதாவது கம்பெனி நமக்கு மாதாமாதம் கடன் கொடுக்கிறது. கையில் ரூபாயாகக் கொடுக்காமல் நிமிடமாகவும் ஜிபியாகவும் கொடுப்பதால் அது கடன் என்று நமக்குத் தோன்றுவதில்லை.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதத் திட்டம் ரூ.500 என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஜி.எஸ்.டி. ரூ.90 சேர்த்து பில் ரூ.590. முப்பது நாள் பேசிய பிறகுதான் பில் வரும். கட்டுவதற்கு இரண்டு வாரத்துக்கு மேல் தவணை. கட்டாவிட்டால் நினைவூட்டல், பிறகு வெளி அழைப்பை நிறுத்துவது, அதன் பிறகுதான் முழுத் துண்டிப்பு. இதற்குள் ஏறக்குறைய இரண்டு மாதம் ஓடிவிடும். பாக்கி ரூ.1,180.

நூறு பேரில் ஐந்து பேர் இப்படிக் கட்டாமல் போனால் நஷ்டம் ரூ.5,900. ஒரு வாடிக்கையாளரிடம் மாதம் ரூ.50 லாபம் நிற்கிறது என்று வைத்தால், அந்த ஐந்து பேர் விட்டுப்போன ஓட்டையை அடைக்க 118 பேரின் ஒரு மாத லாபம் வேண்டும். வாடிக்கையாளர் கட்டினாலும் கட்டாவிட்டாலும் பில் போட்ட ஜி.எஸ்.டி.யைக் கம்பெனி அரசுக்குக் கட்டியாக வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு அழைப்பும் ரோமிங்கும் இன்னும் ஆபத்து. நம் ஊர் சிம்மோடு ஒருவர் துபாய் போய்ப் பேசினால், அங்குள்ள கம்பெனிக்கு இங்குள்ள கம்பெனி பணம் கொடுத்தாக வேண்டும். பேசியவர் பில் கட்டவில்லை என்று காரணம் சொல்ல முடியாது. கட்டக்கூடாது என்ற நோக்கத்தோடே போலி விவரம் கொடுத்து இணைப்பு வாங்கி, இரண்டு மாதம் பேசிவிட்டுக் காணாமல் போகிறவர்களும் உண்டு. ஆக, கம்பெனி கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த ஆள் இதற்கு முன் வாங்கியதைத் திருப்பிக் கட்டியிருக்கிறாரா?

அந்தக் காலத்தில் டெபாசிட்

இந்தப் பயம் புதிதல்ல. 2000 அக்டோபர் 1-ல் பி.எஸ்.என்.எல். பிறக்கும் வரை நம் ஊர்த் தொலைபேசியெல்லாம் மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையிடம் இருந்தது. வீட்டுக்கு ஒரு லேண்ட்லைன் வேண்டும் என்றால் முன்பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு வருடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். கூடுதல் டெபாசிட் கட்டுகிறவர்களுக்கு 'ஓ.ஒய்.டி.' என்று தனி வரிசை. அன்று யாருடைய கடன் வரலாற்றையும் பார்க்கத் தேவையில்லை. டெபாசிட் துறையின் கையில் இருந்தது. பில் கட்டாவிட்டால் லைனை வெட்டிவிடலாம். வீட்டுக்கு வரும் கம்பி ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும்.

லேண்ட்லைன் இல்லாத நம் போன்ற குடும்பங்களுக்கு மஞ்சள் போர்டு வைத்த எஸ்.டி.டி. பூத்துதான் கதி. மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசி, முடித்ததும் காசை எண்ணி வைக்க வேண்டும்.

1995 ஜூலை 31-ல் இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு கொல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் போனது. மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு, மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். செல்போனுக்குக் கம்பி கிடையாது. ஆள் எங்கே வேண்டுமானாலும் போகலாம். அதனால் "யார் இவர், திரும்பக் கட்டுவாரா?" என்ற கேள்வி பெரிதாகிவிட்டது. அதைத் தாண்டி நம் அப்பா, அம்மா கைக்குப் போன் வந்தது ப்ரீபெய்டு கார்டால்தான். இன்றும் நம் நாட்டு செல்போன் இணைப்புகளில் மிகப் பெரும்பாலானவை ப்ரீபெய்டுதான். நாணயச் சோதனை தேவையில்லாத வாசல் அது ஒன்றே.

நாடு முழுவதற்கும் ஒரு பற்று நோட்டு

அண்ணாச்சிக்கு அவர் தெருதான் தெரியும். கம்பெனிக்கு நாடு முழுவதும் வாடிக்கையாளர். ஆகவே எல்லோருடைய பற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கும் நிறுவனங்கள் வந்தன. அமெரிக்காவில் அட்லாண்டா நகரில் 1899-லேயே ஒரு கம்பெனி இந்தத் தொழிலைத் தொடங்கியது. அதுதான் பின்னாளில் ஈக்விஃபாக்ஸ் ஆனது. இலங்கையில் 1990-ல் சட்டம் போட்டு கடன் தகவல் பணியகம் அமைத்தார்கள். இந்தியாவில் சிபில் 2000-ம் ஆண்டில் தொடங்கப்பட்டது. 2005-ல் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம் வந்தது. இன்று ட்ரான்ஸ்யூனியன் சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், சி.ஆர்.ஐ.எஃப். ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு நடக்கின்றன.

வங்கிதானே இதைப் பார்க்கும் என்று நான் நினைத்திருந்தேன். 2006-ல் அந்தச் சட்டத்தின் கீழ் வந்த ஒழுங்குமுறைகள், இந்தத் தகவலைக் கேட்டு வாங்கக்கூடியவர்களின் பட்டியலில் தொலைபேசிக் கம்பெனிகளையும் சேர்த்திருக்கின்றன. வங்கிக் கடன், நகைக் கடன் போலவே தொலைபேசிப் பாக்கியும் ஒருவர் அறிக்கையில் தனி வகைக் கணக்காக ஏறலாம்.

சிபில் மதிப்பெண் 300 முதல் 900 வரை. நேரத்துக்குக் கட்டியது, எவ்வளவு கடன் நிலுவை, எத்தனை வருடப் பழக்கம், அண்மையில் எத்தனை இடத்தில் கடன் கேட்டார் என்பதெல்லாம் சேர்ந்து இந்த எண் வருகிறது. எந்தக் கடனும் வாங்காதவருக்கு மைனஸ் 1 என்று வரும். அது ஃபெயில் மார்க் அல்ல. பரீட்சையே எழுதவில்லை என்று பொருள். அந்தக் கடையில் எனக்கு வந்தது இதுதான்.

எல்லாக் கம்பெனியும் எல்லோருக்கும் இந்தச் சோதனை செய்கிறது என்று சொல்ல முடியாது. சிலர் டெபாசிட் வாங்கிக்கொண்டு விட்டுவிடுவார்கள். ஆனால் போக்கு எந்தப் பக்கம் என்று பார்க்க ஓர் உதாரணம்: 2023 மார்ச்சில் ஜியோ தன் போஸ்ட்பெய்டு குடும்பத் திட்டத்தை அறிவித்தபோது, நல்ல கிரெடிட் ஸ்கோர் உள்ளவர்களுக்கு டெபாசிட் வேண்டாம் என்று சொன்னது. நல்ல பேர் உள்ளவருக்குப் பேரே டெபாசிட். பேர் ஏறாதவர் பணத்தை வைக்க வேண்டும்.

இரண்டு சோதனைகளைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்

சிம் வாங்கும்போது ஆதார், போட்டோ, முகவரி எல்லாம் கேட்பது கே.ஒய்.சி. அது "இவர் யார்?" என்ற கேள்வி. அரசு விதிப்படி ப்ரீபெய்டுக்கும் உண்டு, போஸ்ட்பெய்டுக்கும் உண்டு. கடன் சோதனை "இவர் கட்டுவாரா?" என்ற கேள்வி. அது கடன் தரும்போது மட்டுமே.

இணைப்புக் கொடுத்த பிறகும் கம்பெனி தன் பாதுகாப்பை விடுவதில்லை. ஒவ்வொரு போஸ்ட்பெய்டு வாடிக்கையாளருக்கும் ஒரு கடன் வரம்பு வைக்கும். அந்த வரம்பு எவ்வளவு என்று வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும், அதில் 80 சதவீதம் தொட்டதும் எச்சரிக்க வேண்டும் என்று ட்ராய் 2005-ல் உத்தரவிட்டது. மெசேஜ் வந்தால் தொல்லை என்று அழித்துவிடாமல் படிப்பது நல்லது.

வெளிநாட்டில் எப்படி?

அமெரிக்காவில் விலை உயர்ந்த போனையே இணைப்போடு சேர்த்துத் தவணையில் கொடுத்துவிடுவது சாதாரணப் பழக்கம். மாதப் பில்லோடு போன் விலையும் கடனாகிவிடுவதால் அங்கே சோதனை கடுமை. 1997-ல் தொலைபேசி மற்றும் மின்சாரம் போன்ற சேவை நிறுவனங்கள் சேர்ந்து, யார் பில் கட்டுகிறார்கள், யார் கட்டவில்லை என்ற விவரத்தைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளத் தனி அமைப்பே வைத்துக்கொண்டார்கள்.

எங்கள் பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர் கனடாவுக்கு வேலைக்குப் போனார். இங்கே நல்ல சம்பளம், வீட்டுக் கடனை ஒரு தவணை தவறாமல் கட்டியவர். அங்கே இறங்கியதும் போன் இணைப்புக்கு டெபாசிட் கேட்டார்களாம். "மதுரையில கட்டுனதெல்லாம் இங்க செல்லாதுன்னுட்டாய்ங்கப்பா" என்று சொல்லிச் சிரித்தார். கடன் வரலாறு சாதாரணமாக நாட்டு எல்லையைத் தாண்டிக் கூட வருவதில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நம்மைப் போன்றவர்களுக்கு என்ன சிக்கல்?

சோதனை நியாயமானது என்றுதான் இதுவரை எழுதினேன். ஆனால் இதில் ஒரு குறை உண்டு. அந்த நோட்டில் ஏறுவது சில வகைக் கணக்கு மட்டுமே. அப்பா அண்ணாச்சி கடையில் இத்தனை வருடம் ஒழுங்காகக் கட்டியது ஏறாது. வீட்டு வாடகையைத் தேதி தவறாமல் கொடுத்தது ஏறாது. பல வருடமாக ப்ரீபெய்டு ரீசார்ஜ் செய்ததும் ஏறாது, ஏனென்றால் அதில் கடனே இல்லை. நல்லது எதுவும் எழுதப்படாத மனிதரின் பேரில், ஒரே ஒரு கெட்டது மட்டும் எழுதப்பட்டால் அதுவே அவருடைய முழு வரலாறாகிவிடுகிறது.

அப்பாவுக்கு நடந்தது அதுதான். ஒரு கடன் தகவல் நிறுவனத்தில் அவருடைய அறிக்கையை வாங்கிப் பார்த்தேன். ஆறு வருடத்துக்கு முன் அவர் பேரில் ஒரு போஸ்ட்பெய்டு இணைப்பு, பாக்கி ரூ.1,840. அப்பா ரொம்ப நேரம் யோசித்தார். அந்தச் சமயம் வேலை பார்த்த சைட்டில் ஒரு சூப்பர்வைசர், "கூலி போடணும், டி.டி.எஸ். பிடிக்கணும்" என்று பான் கார்டு ஜெராக்ஸும் அடையாள அட்டை ஜெராக்ஸும் போட்டோவும் வாங்கியிருக்கிறார். "படிச்சவரு கேக்குறாரேன்னு குடுத்தேன்டா" என்றார்.

அறிக்கை தந்த நிறுவனத்திடம் ஆட்சேபம் பதிந்தோம். அவர்கள் தாங்களாக எதையும் அழிக்க மாட்டார்கள். தகவல் கொடுத்த கம்பெனியிடம் கேட்பார்கள். கம்பெனிக்கும் தனியாக எழுதி, அந்த விண்ணப்பப் படிவத்தின் நகலைக் கேட்டோம். வந்தது. அதில் அப்பா போட்டோவுக்குக் கீழே இங்கிலீஷில் வேகமாக ஒரு கையெழுத்து இருந்தது.

என் அப்பாவுக்கு இங்கிலீஷில் கையெழுத்துப் போடத் தெரியாது. தமிழில் ஒவ்வோர் எழுத்தாக, பேனாவை அழுத்தி எழுதுவார். அவருடைய பான் கார்டிலும் வங்கிப் பாஸ்புக்கிலும் அந்தக் கையெழுத்துதான் இருக்கிறது. இரண்டையும் நகல் எடுத்து அனுப்பினோம். மூன்று வாரம் கழித்து அந்தப் பாக்கி அறிக்கையிலிருந்து நீக்கப்பட்டது. அப்பாவிடம் மொபைலில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் பேரை மட்டும் இரண்டு தடவை படித்தார்.

நண்பர்களுக்குச் சில யோசனைகள்

1. ஜெராக்ஸ் கொடுக்கும்போது அதன் மேல் குறுக்காக, எந்த வேலைக்குக் கொடுக்கிறோம் என்பதையும் தேதியையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

2. நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். 2017 முதல் இது நடைமுறை. நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது.

3. தவறு இருந்தால் ஆட்சேபம் பதியுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதன் பிறகு நாள் ஒன்றுக்கு ரூ.100 இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. இது 2024 ஏப்ரல் முதல் அமலில் உள்ளது.

4. நம் பேரில் எத்தனை செல் நம்பர் ஓடுகிறது என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். நம்முடையது அல்லாததைப் புகார் செய்து நிறுத்தலாம்.

5. போஸ்ட்பெய்டை விட்டு வெளியே வரும்போது கடைசிப் பில்லைக் கட்டி, பாக்கி இல்லை என்பதற்கு எழுத்தில் சான்று வாங்குங்கள். டெபாசிட்டையும் கேட்டு வாங்குங்கள். சிம்மை உடைத்துப் போட்டுவிட்டால் கணக்கு முடிந்தது என்று நினைப்பது தவறு. நூறு இருநூறு ரூபாய்ப் பாக்கியும் நோட்டில் ஏறக்கூடும்.

6. வரலாறு இல்லை என்றால் கூச்சப்பட வேண்டாம். முதன்முதலாகக் கடன் கேட்பவரை, கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் கடன் தரும் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. போன் கம்பெனிக்கு இது பொருந்தாது என்றாலும், நாளை கல்விக் கடனுக்கு வங்கிப் படி ஏறும் நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

முடிவுரை

நம் மொழியில் நாணயம் என்றால் காசு என்றும் பொருள், சொன்ன சொல் தவறாமை என்றும் பொருள். போன் கம்பெனி புது வாடிக்கையாளரிடம் தேடுவது இரண்டாவதை. முன்பணம் வாங்காமல் பேச விடுகிறவர் அதைத் தேடுவதில் தப்பில்லை. தேடுகிற இடத்தில் நம் பேர் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது நம் வேலை. எங்கள் வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். உங்களில் பலரும் உங்கள் வீட்டில் அப்படித்தான் இருப்பீர்கள்.

குடும்பத் திட்டம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அப்பாவிடம் மறுபடி போகலாமா என்று கேட்டேன். "இப்ப வேணாம்டா. நீ சம்பாதிச்சு உன் பேர்ல எடு. நான் வந்து கூட நிக்கிறேன்" என்றார். அதுவரை வழக்கம் போல மூன்று ரீசார்ஜ்தான்.

என் அறிவுக்கு எட்டியவரை எழுதியிருக்கிறேன். பிழை இருந்தால் நண்பர்கள் சுட்டிக்காட்டவும்.